சூதாடியின் நேர அட்டவணை

2024ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், இராஜபாளையத்தில் எங்களுக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் எங்களிடம் ஒரு தாளைக் காட்டினார். தினசரி நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நுணுக்கி எழுதப்பட்ட ஓர் அட்டவணை அது. காலை பதினொன்றுக்கு எழுவது. ஒரு மணி நேரம் நடப்பது. பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை முந்தைய நாள் ஆடிய ஆட்டங்களைத் திரும்பப் பார்த்துப் பிழைகளைக் குறித்துக்கொள்வது. மாலை ஆறிலிருந்து ஒன்பது வரையிலும், இரவு பத்திலிருந்து மூன்று வரையிலும் ஆட்டம். திங்கட்கிழமை விடுமுறை. ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணம் தனியாக. அதைத் தொடக் கூடாது. ஒரே நாளில் இவ்வளவு தொகை போய்விட்டால் எழுந்துவிட வேண்டும் என்ற வரம்பு, சிவப்பு மையில். நூற்பாலை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அவர், அந்த வேலையை விட்டுவிட்டு இணையத்தில் போக்கர் ஆடுவதையே முழுநேரத் தொழிலாகக் கொள்ள முடிவெடுத்திருந்தார்.

அட்டவணையின் ஒழுங்கு எங்களைக் கவர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சூதாடி என்றதும் மனத்தில் எழும் சித்திரத்தில் இத்தகைய கட்டுப்பாடு இருப்பதில்லை. கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், நாற்பத்தெட்டு மணி நேரம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஓர் ஆலைத் தொழிலாளிக்கு விதித்த வார வரம்பும் அதுவே. அவருடைய தாயார் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு எங்களிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: "எல்லாஞ் சரி தம்பி, இதுல இவன் எப்பத் தூங்குவான்?"

அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். சூதைப் பற்றி நம் நீதிமன்றங்கள் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக ஒரே கேள்வியைத்தான் கேட்டுவந்தன: இது திறமையா, அதிர்ஷ்டமா? வீடுகளில் கேட்கப்படும் கேள்வி வேறு: இதில் போகும் பொழுது யாருடையது? வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இரண்டாவது கேள்வியே பழையது என்று தெரிகிறது.

*

இராஜபாளையத்திலிருந்தோ திருவில்லிபுத்தூரிலிருந்தோ மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடரில் தான்றி மரம் வளர்கிறது. அதன் காய் திரிபலையில் சேரும் மூன்றில் ஒன்று. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும். இந்தியாவின் பழைய சூதாட்டக் கருவிகளில் ஒன்றும் அந்தத் தான்றிக்காயே. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள சூதாடியின் பாடலில் தான்றிக்காய்கள்தாம் பகடைகள். அதில் வரும் சூதாடி, மனைவி தன்னை வெறுப்பதையும், மாமியார் ஏசுவதையும், ஆடுவதில்லை என்று உறுதி பூண்டபின் மீண்டும் களத்துக்கு ஓடுவதையும் தானே சொல்லிப் புலம்புகிறான். இறுதியில் அவனுக்குக் கிடைக்கும் அறிவுரை, பகடையை விட்டுவிட்டு உன் வயலை உழு என்பது. அதாவது உன் பொழுதை வேறொன்றுக்குக் கொடு என்பது.

வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார்; தொண்ணூற்று நான்காவது. வென்றதும் கெடுதியே, அது மீன் விழுங்கிய தூண்டில் போன்றது என்னும் முதற்குறளை எல்லோரும் அறிவர். எங்களை நிறுத்தியது ஏழாவது குறள். ஒருவனுடைய காலம் சூதாடும் களத்துக்குள் புகுமானால், அது வழிவழி வந்த செல்வத்தையும் இயல்பான நற்பண்பையும் கெடுக்கும் என்பது அதன் பொருள். அங்கே காலம் என்பதை அறம், பொருள், இன்பம் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்ட காலம் என்று பரிமேலழகர் விரிக்கிறார். பணம் போவதற்கு முன்பே பொழுது போய்விடுகிறது. பணம் அதைப் பின்தொடர்கிறது. தாயாரின் கேள்விக்கு இதைவிடப் பழைய துணை வேண்டியதில்லை. அக்களத்துக்கு வள்ளுவர் வழங்கும் சொல் கழகம் என்பதையும் நினைவூட்டலாம்.

கௌடில்யர் இதை வேறு கண்ணால் பார்த்தார். சூதாட்டத்தை ஒரே இடத்தில் குவித்து, அதற்கென்று ஓர் அதிகாரியை அமர்த்தி, வென்றவரிடமிருந்து நூற்றுக்கு ஐந்து பங்கும், காய்களுக்கும் தண்ணீருக்கும் இடத்துக்கும் கட்டணமும் வாங்கச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். இணையப் போக்கர் நிறுவனங்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் பானையிலிருந்து எடுத்துக்கொண்ட பங்கின் மூதாதை இதுவே. ஆடுகிறவர்கள் மாறி மாறி வெல்லலாம், தோற்கலாம். களத்தை நடத்துகிறவனுக்குத் தோல்வி இல்லை. அவனுக்கு வேண்டியதெல்லாம் ஆட்டம் நீண்டுகொண்டே இருப்பது.

*

தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூராரின் பெயரில் திருவில்லிபுத்தூர் இருக்கிறது. ஆனால் அவர் ஊர் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர். பெரியாழ்வார்பால் பக்தி கொண்ட தந்தை மகனுக்கு இட்ட பெயர் அது. வில்லியின் நூலில் சூதுக்கதை சபா பருவத்தில் வருகிறது. பாரதி 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை வெளியிட்டபோது எடுத்துக்கொண்டதும் அதே கதைதான். அவையில் நாட்டையும் தம்பியரையும் தேவியையும் இழந்த தருமனை நாம் மறப்பதில்லை. அதற்குப் பிந்திய தருமனை அவ்வளவாக நினைப்பதில்லை.

வியாச பாரதத்தின்படி, வனவாசத்தில் பிருகதசுவர் என்னும் முனிவர் தருமனுக்கு நளன் கதையைச் சொல்லிவிட்டு, பகடையின் நுட்பத்தையும் கற்றுக்கொடுக்கிறார். பிறகு வரும் அஞ்ஞாதவாச ஆண்டில் தருமன் கங்கன் என்னும் பெயருடன் விராடனின் அவையில் சேர்கிறான். அவன் வேலை அரசனோடு பகடை ஆடுவது. நம் இலக்கியத்தில் முழுநேரச் சூதாடியாகப் பிழைத்த ஒருவரைச் சுட்டச் சொன்னால் கங்கனைச் சுட்டலாம். அவன் வென்றான், வென்ற பொருளை அரசனறியாமல் தம்பியருக்குப் பகிர்ந்தான். ஆனால் அவனுக்கு உறைவிடமும் உணவும் அரசன் தந்தது. தோற்றால் போக அவனிடம் நாடு இல்லை. அந்த வேலைக்கு முடிவுநாளும் குறித்திருந்தது. அப்படியிருந்தும் ஆண்டின் இறுதியில், சொன்ன சொல் பிடிக்காமல் விராடன் பகடையை அவன் முகத்தில் எறிய, மூக்கிலிருந்து குருதி வழிந்தது; அது நிலத்தில் விழாமல் திரௌபதி பாத்திரத்தில் ஏந்தினாள்.

நளன் கதை இன்னும் கூர்மையானது. புகழேந்தி வெண்பாவிலும், தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர் நைடதத்திலும் பாடிய கதை. புட்கரனிடம் எல்லாவற்றையும் தோற்ற நளன், பின்னர் இருதுபன்னன் என்னும் அரசனுக்குத் தேரோட்டியாகிறான். வழியில் நின்ற தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் இருதுபன்னன் எண்ணாமலே கணக்கிட்டுச் சொல்ல, அந்த எண்ணின் நுட்பத்தை அவனிடமிருந்து நளன் பெறுகிறான். திறமை கைவந்தபின் அவன் என்ன செய்தான்? வியாச பாரதத்தில் அவன் திரும்பிவந்து ஒரே ஒரு பந்தயம் ஆடுகிறான். வெல்கிறான். புட்கரனை மன்னித்து அனுப்புகிறான். அதோடு சரி. வெல்லத் தெரிந்தபின் எழுந்துவிட்டவன் அவன் ஒருவனே.

*

நவீனச் சட்டத்துக்கு வருவோம். 1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம், திறமை மட்டுமே கொண்ட ஆட்டங்களுக்கு விலக்களித்தது. சீட்டாட்டத்தில் எது திறமை என்பதற்கு 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு விடை சொன்னது. செகந்திராபாத்தின் மனமகிழ் மன்றம் ஒன்றில் ரம்மி ஆடியவர்களைப் பிடித்த வழக்கு அது. எந்தச் சீட்டு விழுந்தது, எது விழவில்லை என்று நினைவில் வைத்துக்கொண்டு ஆட வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே. மூன்று சீட்டு அப்படியல்ல என்றது தீர்ப்பு. நம் ஊர் மன்றங்களில் சீட்டு மேசைகள் நிலைத்ததற்கு இதுவே அரண்.

அதே தீர்ப்பில் பலரும் கடந்துபோகும் ஓர் இடம் உண்டு. குறித்த நேரத்துக்கு மேல் தங்குகிற உறுப்பினரிடம் மன்றம் கூடுதல் கட்டணம் வாங்கியது. அது சூதில் வந்த ஆதாயமா என்பது கேள்வி. இல்லை என்றது நீதிமன்றம். பணியாட்களுக்கு மிகைநேர ஊதியம் தர வேண்டும். உறுப்பினர்களும் அகாலம்வரை அங்கேயே இருந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் அந்தக் கட்டணம் என்று விளக்கியது. ஆக மன்றத்துக்கு மூடும் நேரம் என்று ஒன்று இருந்தது. சீட்டைக் கலைத்துப் போடவும் காப்பி கொண்டுவரவும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் வீடு இருந்தது. அவர்களுடைய உறக்கம் ஆடுகிறவருக்கும் ஒரு வேலியாயிற்று.

திறமை என்ற வாதத்தை நாங்கள் மறுக்கவில்லை. போக்கரில் திறமை உண்டு. ஆனால் அது வெளிப்படும் விதத்தைக் கவனிக்க வேண்டும். ஐம்பத்திரண்டு சீட்டில் இரண்டு சீட்டை 1,326 விதமாக எடுக்கலாம். அவற்றில் ஆறு மட்டுமே ஏஸ் இணை. அதாவது 221 முறைக்கு ஒருமுறை. மேசையில் நேரில் அமர்ந்து மணிக்கு இருபத்தைந்து கை ஆடினால், ஒன்பது மணி நேரத்துக்கு ஒருமுறை அது வரும். ஆலைக் கணக்கில் ஒரு ஷிப்டுக்கு ஒன்று. அப்படி வந்ததும், இன்னோர் இணையோடு கடைசிவரை மோதினால், ஏறக்குறைய ஐந்தில் ஒருமுறை தோற்கும். திறமைசாலிக்கும் பிறருக்கும் உள்ள சிறு வித்தியாசம் இந்த ஏற்ற இறக்கங்களுக்கு மேலே தெரிய ஆயிரக்கணக்கான கைகள் ஆட வேண்டும். இடையே மேசைக்காரரின் பங்கும் கழிந்துகொண்டே இருக்கும்.

எனவே திறமை என்று சொல்லும்போதே நீண்ட பொழுதும், அதுவரை தாங்கும் முதலும் சேர்ந்தே வருகின்றன. முதல் இல்லாதவர், திறமை இருந்தும், அது தெரிவதற்கு முன் வெளியேறிவிடுகிறார். தோற்பவர் தமக்குத் திறமையில்லை என்றும் உறுதியாக அறிய முடியாது. இன்னும் கொஞ்சம் ஆடினால் தெரியும் என்றே தோன்றும். இராஜபாளையத்து இளைஞரின் தாளில் நாங்கள் கண்ட கட்டுப்பாடு, இந்தப் பொழுதை வாங்குவதற்கான கட்டுப்பாடு.

*

கைப்பேசி வந்தபோது மன்றத்தின் மூடும் நேரம் மறைந்தது. தமிழக அரசு 1968இல் தானே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கி, 2003 சனவரியில் எல்லா லாட்டரிகளையும் தடை செய்திருந்தது. பெட்டிக்கடையில் சீட்டு விற்பதைத் தடுக்கலாம். படுக்கையில் ஒளிரும் திரையை எப்படித் தடுப்பது? 2021இல் இயற்றிய தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் செல்லாதென்றது. கடனால் நேர்ந்த தற்கொலைகள் செய்தித்தாள்களில் தொடர்ந்தன. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் வந்த சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்த பகுதியை மட்டும் நீக்கியது. மீண்டும் திறமையா, அதிர்ஷ்டமா என்ற அதே கேள்வி.

2025 பிப்ரவரியில்தான் அரசு கேள்வியை மாற்றியது. புதிய விதிகள், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களில் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்து வரை எவரும் நுழையக் கூடாதென்றன. திறமை இருந்தால் இருக்கட்டும், இந்த ஐந்து மணி நேரம் தூங்கு என்பது அதன் சாரம். நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. ஜூன் 3ஆம் நாள் உயர் நீதிமன்றம் விதிகளை நிலைநிறுத்தியது. மன்றத்தின் கூடுதல் கட்டணம் புது வடிவில் திரும்பிவந்ததாகவே எங்களுக்குப் பட்டது. அதற்குள் மத்திய அரசின் சட்டம் வந்தது. திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாட்டையே பொருட்படுத்தாமல் பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடுத்த அச்சட்டம், 2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பெரிய நிறுவனங்கள் ஆட்டத்தை நிறுத்தின.

முழுத் தடை சரியா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்தில்லை. வளர்ந்த ஒருவரின் பொழுதை அரசு வகுக்கலாமா என்று எங்களில் ஒருவர் கேட்கிறார். வகுக்க வேண்டிய மன்றம் இல்லாமற்போனால் வேறு யார் வகுப்பது என்று இன்னொருவர் கேட்கிறார். தடைக்குப் பின்னும் வெளிநாட்டுத் தளங்கள் அழைத்துக்கொண்டிருக்கின்றன என்பதையும் இருவரும் அறிவோம்.

அந்த இளைஞரின் அட்டவணையில் நள்ளிரவுக்குப் பிந்திய மூன்று மணி நேரம் பிப்ரவரியில் அடிக்கப்பட்டது. ஆகஸ்டில் மீதியும் போயிற்று. ஆறு மாதச் செலவுக்கென்று ஒதுக்கிய பணம் அதற்கு முன்பே தொடப்பட்டிருந்தது. இப்போது பேண்டேஜ் துணி நெய்யும் இடமொன்றில் கணக்கு எழுதுகிறார். தோற்றேன் என்று அவர் சொல்வதில்லை. போதுமான கைகள் ஆடவில்லை என்கிறார். கணக்கின்படி அது உண்மையாகவும் இருக்கலாம்.

சென்ற மார்கழியில் திருவில்லிபுத்தூருக்கு அவரோடு போயிருந்தோம். பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இராது. பொழுது புலரும் முன்பே திருப்பாவை கேட்கத் தொடங்கியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "முன்னெல்லாம் இந்நேரந்தான் படுப்பேன் அண்ணே" என்றார். அவருடைய தாயார் முன்னால் நடந்துகொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.