பெரிய நாட்டின் ஒப்பந்தமும் சிறிய நாட்டின் இழப்பும்

ஒரு நாடு தான் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தினால் இழப்பெய்துவதுண்டு. தான் கைச்சாத்திடாத ஒப்பந்தத்தினாலும் இழப்பெய்துவதுண்டு. பின்னையதற்குத் தென்பகுதி ஆபிரிக்கச் சுங்க ஒன்றியத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

பசுத்தோலாந்து, பெச்சுவானாலாந்து, சுவாசிலாந்து ஆகிய மூன்றும் கடற்கரையற்ற பிரித்தானிய ஆட்சிப் புலங்கள். 1910ஆம் ஆண்டில் இவை தென்னாபிரிக்காவோடு ஒரே சுங்க எல்லைக்குள் அமைந்தன. திரண்ட தீர்வையில் நூற்றுக்கு 98.7 பங்கு தென்னாபிரிக்காவுக்கு உரியதாயிற்று, எஞ்சிய 1.3 பங்கையே மூன்று புலங்களும் பகிர்ந்துகொண்டன. தீர்வை வீதங்களை விதிக்கும் அதிகாரமோ தென்னாபிரிக்காவிடமே இருந்தது. அது தன் தொழிற்சாலைகளைக் காக்கத் தீர்வையை உயர்த்தியபொழுது, அயலவர்கள் அத்தொழிற்சாலைப் பொருள்களையே கூடிய விலைக்கு வாங்க நேர்ந்தது. புதிய தொழில்களும் ஜொகனஸ்பேர்க் போன்ற நகரங்களைச் சுற்றியே குவிந்தன.

பசுத்தோலாந்து இலெசோத்தோவாகவும் பெச்சுவானாலாந்து பொட்சுவானாவாகவும் 1966இல் சுதந்திரம் பெற்றன. சுவாசிலாந்து 1968இல் பெற்றது. 1969இல் எழுந்த புதிய உடன்படிக்கை, இவற்றுக்குரிய பங்கைக் கணித்து, அதன்மேல் நூற்றுக்கு 42 வீதத்தை நட்ட ஈடாகக் கூட்டி வழங்கியது. பணம் பெருகிற்று, ஆயினும் தீர்வையை நிருணயிக்கும் உரிமை கிட்டவில்லை. 1990இல் சுதந்திரமடைந்த நமீபியாவும் இந்நிலையிலேயே ஒன்றியத்திற் சேர்ந்தது.

இக்குறையின் விளைவு 1999இல் வெளிப்பட்டது. அவ்வாண்டில் தென்னாபிரிக்கா ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் செய்து, அங்கிருந்து வரும் பொருள்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 86 பங்கின் மீதான தீர்வையைப் படிப்படியாக நீக்க இணங்கியது. சிறிய நாடுகள் நான்கும் அதிற் கைச்சாத்திடவில்லை. ஆனால், சுங்க எல்லை ஒன்றேயாதலால், ஐரோப்பியப் பொருள்களுக்கு அவற்றின் வாயிலும் திறந்துவிட்டது. பொதுத் திரட்டிற் சேரும் தீர்வை குறைந்தால், அதனையே பெரிதும் நம்பிய இலெசோத்தோ, சுவாசிலாந்து ஆகியவற்றின் பாடசாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்குமான பணமும் குறையும்.

2002ஆம் ஆண்டு உடன்படிக்கை இதற்குப் பரிகாரந் தேடியது. சுங்கத் தீர்வை, ஒன்றியத்துக்குள் ஒவ்வொரு நாடும் செய்யும் இறக்குமதிக்கேற்பப் பகிரப்பட்டமையாற் சிறிய நாடுகள் மிகுதியாகப் பெற்றன. அதனினும் சிறப்பாக, ஏனையோரின் சம்மதமின்றி எந்த உறுப்பு நாடும் புதிய வர்த்தகச் சலுகை ஒப்பந்தம் செய்யலாகாது என்ற விதியும் இடம்பெற்றது.

எனினும், குளத்து நீர் வற்றும்பொழுது பெரும் பங்கும் சிறிதாகிவிடும். 2008ஆம் ஆண்டின் உலக நெருக்கடிக்குப் பின் இறக்குமதி சுருங்கவே, சுவாசிலாந்தின் வருவாய் வீழ்ந்தது. 2011இல் அது தென்னாபிரிக்காவிடமே கடன் கேட்டு நின்றது.

2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானபொழுது ஐந்து நாடுகளும் ஒருங்கே கையொப்பமிட்டன. நட்ட ஈடு நேர்ந்த இழப்பை ஓரளவு ஆற்றும். பேச்சுமேசையில் ஓரிடமோ, இழப்பு நேருமுன்னரே அதனைத் தடுக்க வழிசெய்யும்.