அகார் தட்டும் காகித வட்டும்



காய்ச்சல் தணியாத பிள்ளையின் ஆய்வறிக்கையில், மருந்துப் பெயர்களுக்கு எதிரே 'எஸ்', 'ஆர்' என்னும் எழுத்துகளைப் பெற்றோர் சிலர் கண்டிருப்பீர்கள். 'எஸ்' என்றால் கிருமி அம்மருந்துக்கு அடங்கும். 'ஆர்' என்றால் அடங்காது. இவ்விரண்டு எழுத்துகளும் நம்பத்தக்கவையாக மாறிய வரலாறு நெடியது.

1929-இல் பென்சிலினைப் பற்றிய முதற் கட்டுரையை வெளியிட்ட அலெக்சாண்டர் பிளெமிங், அகார் தட்டில் வாய்க்கால் வெட்டி, அதில் பென்சிலின் கலவையை நிரப்பி, அதற்குக் குறுக்கே வெவ்வேறு கிருமிகளைக் கோடுகளாகத் தீட்டினார். சில தள்ளியே நின்றன. சில வாய்க்காலின் கரைவரை வளர்ந்தன. (நம் வீடுகளில் செய்யும் அகார்-அகார்தான் இது. பெயரும் மலாய்ச் சொல்லே!) பென்சிலின் மருத்துவமனைகளில் பரவுமுன்பே, 1940-இல், அதனைச் சிதைக்கும் நொதியைச் சில பாக்டீரியாக்கள் சுரப்பதை ஆபிரகாமும் செயினும் அறிவித்துவிட்டனர்.

பின்னர் மருந்தில் தோய்த்த காகித வட்டுகள் வந்தன. வட்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் தோன்றும். ஆனால் கிருமியை அடர்த்தியாக விதைத்தால் வளையம் சுருங்கும். அகார் மெலிந்தால் விரியும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறை வேறுபட்டதால், ஓரிடத்தில் அடங்கும் எனப்பட்ட கிருமி மற்றோரிடத்தில் அடங்காததாயிற்று. அத்தவற்றின் விலையைக் கொடுத்தவர் நோயாளியே.

இக்குழப்பத்தைத் தீர்த்தவர்கள் அமெரிக்காவின் சியாட்டல் நகரிலிருந்த பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் ஆகியோர். 1966-இல் அவர்கள் வெளியிட்ட முறையில் எல்லாமே வரையறுக்கப்பட்டன: முல்லர்-ஹின்டன் அகார், பேரியம் சல்பேட் கலங்கலோடு ஒப்பிட்டுச் சரிசெய்த கிருமிக் கரைசல், மருந்துக்கு ஒரே அளவுடைய ஒரே வட்டு. மறுநாள் வளையத்தை மில்லிமீட்டரில் அளந்தால் போதும். அந்த அளவு வெறும் ஊகமன்று. கிருமியை அடக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவோடு ஒப்பிட்டு வகுக்கப்பட்டது. புதுமை ஏதுமில்லாத வேலை என்று சிலர் எண்ணலாம். என் பார்வையில் ஒரு புதிய மருந்துக்கு நிகரான பணி அது.

கிருமிகளும் சும்மா இருக்கவில்லை. மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டபிலோகாக்கஸை 1961-இல் இங்கிலாந்தில் பட்ரிசியா ஜெவன்ஸ் அறிவித்தார். ஒரே கூட்டத்தில் சில அணுக்கள் மட்டுமே எதிர்ப்பைக் காட்டுவதால் இது ஆய்வகத்தை எளிதில் ஏமாற்றக்கூடியது. ஆகவே இன்று இதனைக் கண்டறிய மெதிசிலின் வட்டை வைப்பதில்லை. எதிர்ப்பைத் தெளிவாக வெளிப்படுத்தும் செபாக்சிட்டின் வட்டையே வைக்கின்றனர். ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு வளையம் 22 மில்லிமீட்டர் என்றால் 'எஸ்'; 21 என்றால் 'ஆர்'.