சர்ச்சிலுக்குப் போகும் ரயில்

பரந்த, கரடுமுரடான, ஆள் குறைந்த நிலப்பரப்பில் பயணிகள் ரயில் கட்டுப்படியாகுமா, விமானம் போதாதா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் கையில் வரவுசெலவுக் கணக்கு இருக்கும். யாருக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்று நாம் திருப்பிக் கேட்டால் பேச்சு மாறிவிடும். கனடாவின் மனிடோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் சர்ச்சில் என்ற சிற்றூரை வைத்துப் பார்ப்போம்.

ஏறத்தாழ 900 பேர் வசிக்கும் ஊர். பாதிக்கு மேற்பட்டோர் பூர்வகுடிகள். வெளியே போகச் சாலை கிடையாது. வின்னிபெக்கிலிருந்து ரயிலில் சுமார் 1,700 கிலோமீட்டர், இரண்டு நாள் பயணம். 1929இல் தண்டவாளம் இங்கே வந்து சேர்ந்தது. அங்கே வாழ்ந்தவர்களுக்காகப் போட்டதல்ல. மேற்கு மாகாணங்களின் கோதுமையைக் கப்பலேற்றப் போட்டது. கடைசிப் பகுதி முழுக்கச் சதுப்பும் நிரந்தரமாக உறைந்த மண்ணும். மேல்மண் இளகும்போது தண்டவாளம் மேடும் பள்ளமுமாகிவிடும். அதனால்தான் வண்டி ஊர்ந்து போகிறது.

இந்தக் கரைக்கு விமானம் கொண்டுவந்த ஒரு வரலாறும் உண்டு. 1956இல் சயீசி டெனே மக்களை அவர்களுடைய வேட்டை நிலமான லிட்டில் டக் ஏரியிலிருந்து விமானத்தில் ஏற்றிச் சர்ச்சிலில் இறக்கியது கனடா அரசு. கரிபு மான்களை அவர்கள் அளவுக்கு மீறிக் கொல்கிறார்கள் என்று அதிகாரிகள் சொன்ன காரணம் பின்னர் பொய்யென்று தெரிந்தது. இடமும் இல்லை, வேட்டையும் இல்லை. ஊரின் ஓரத்தில் ஒண்டிக் கிடந்த காலத்தில் அந்தச் சமூகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துபோனார்கள். எஞ்சியவர்கள் 1973இல் தாங்களாகவே டடூலே ஏரிக் கரைக்குத் திரும்பினார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2016இல். வரைபடத்தில் ஒரு கோடு போட்டு மக்களை அள்ளிச் செல்ல அன்று விமானம் மிக வசதியாக இருந்தது. இன்று டடூலே ஏரிக்குக் குளிர்காலப் பனிச்சாலை போக மற்ற நாளெல்லாம் விமானம்தான் வழி. மருத்துவ அவசரத்துக்கு அதைவிட நல்லது எதுவுமில்லை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மாவு மூட்டையும் குளிர்பதனப் பெட்டியும் விமானத்தில் வந்தால் என்ன விலைக்கு விற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

யோசிக்கக்கூடத் தேவையில்லை, சர்ச்சில் அதை அனுபவித்தே பார்த்தது. பாதை 1997இல் ஓம்னிட்ராக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. 2017 மே மாத வெள்ளம் பல இடங்களில் பாதையை அரித்துவிட்டது. பழுதுபார்க்கத் தன்னால் முடியாது என்றது நிறுவனம். ஒன்றரை ஆண்டு ரயில் இல்லை. மளிகை விலை ஏறியது, வெளியூர் போய்வருவது சாதாரணக் குடும்பத்தின் சக்தியை மீறியது, சிலர் ஊரைவிட்டே போனார்கள். எரிவாயுவைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். லாபக் கணக்கில் நஷ்டம் என்று எழுதப்பட்டிருந்த வண்டிதான் ஊரின் உயிர்நாடியாக இருந்திருக்கிறது. 2018இல் வடக்கின் பூர்வகுடி மக்களும் ஊராட்சிகளும் பங்காளிகளாகச் சேர்ந்து பாதையை வாங்கினார்கள். அரசும் நிதி கொடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் வண்டி மீண்டும் ஓடியது. 2021இல் தனியார் பங்காளிகளும் விலக, பாதை முழுவதும் அந்த மக்களுடையதானது.

இப்படியொன்று கியூபெக்கிலும் ஏற்கெனவே நடந்திருந்தது. இரும்புத்தாது ஏற்ற 1950களில் போட்ட பாதையின் வடபகுதியை 2005இல் இரண்டு இன்னு சமூகங்களும் ஒரு நஸ்காபி சமூகமும் வாங்கி ஷெஃபர்வில் வரை வண்டி ஓட்டுகின்றன. ஷெஃபர்வில்லுக்கும் சாலை இல்லை. நிறுவனத்தின் பெயர் சியூட்டின், இன்னு மொழியில் வடகாற்று. நிலையமே இல்லாத காட்டுப் பகுதியில் கை காட்டினாலும் வண்டி நிற்கும். வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போகிறவர்கள் மூட்டை முடிச்சுகளோடு அங்கேயே இறங்கிக்கொள்கிறார்கள், திரும்பும்போது அதே இடத்தில் ஏறிக்கொள்கிறார்கள்.