எடை போட்ட நாளும் உதவி கிடைத்த நாளும்: திண்டுக்கல் வட்டார நலக் கண்காணிப்பு குறித்து

திண்டுக்கல் மாவட்ட மக்கள்தொகை 21,59,775 என்பது 2011 கணக்கு. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்கவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. ஆனால் அதில் எடை குறைவாகப் பதிவான கைக்குழந்தை, அறிக்கை அச்சேறும்போது பால்குடி மறந்திருக்கும். கொள்கை வகுக்க இவை வேண்டும். நலிந்தவரை உரிய நேரத்தில் கைதூக்கிவிட வேறுவகைக் கணக்கு வேண்டும்.

அதற்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. உலக வங்கிக் கடனுதவியுடன் 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் முன்னோட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் நடந்தது. நத்தத்தை அடுத்த பகுதி அது. திண்டுக்கல் 1985-இல்தான் தனி மாவட்டமானது என்பதால் அன்று இரண்டும் மதுரை மாவட்டத்துக்குள் இருந்தன. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் எடை பார்த்தார்கள். அந்தந்த ஊர்ப் பெண்ணே பணியாளர். அட்டையில் புள்ளி வைத்து, சென்ற மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுப்பார். கோடு ஏறாமல் படுத்துவிட்டால் அந்தக் குழந்தைக்குச் சத்துமாவு லட்டு தொடங்கும். 90 நாள் கொடுத்து, தேறியதும் நிறுத்துவார்கள். கடுமையான ஊட்டக்குறைவு மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாகப் பின்வந்த மதிப்பீடுகள் கூறின. எடையைக் குறித்த கையே லட்டையும் கொடுத்தது. யாருக்குக் கொடுப்பது என்பதை முன்பே வகுத்த விதி தீர்மானித்தது. இத்திட்டத்தின் உயிர் இங்கேதான் இருந்தது என்பது என் கருத்து.

2021 முதல் அங்கன்வாடிகளில் போஷன் டிராக்கர் செயலி வந்துவிட்டது. எடையைப் பதிந்ததும் மேலிடம் வரை தெரிகிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆயினும் தகவல் தலைமையகத்தை அடையும் வேகத்தைக் கொண்டு காலத்தை அளப்பது தவறு. எடை குறைந்ததைக் கண்ட நாளுக்கும் உதவி அக்குழந்தையின் கைக்கு வந்த நாளுக்கும் உள்ள இடைவெளியைத்தான் அளக்க வேண்டும். மையம்வாரியாக அந்த இடைவெளியை மாதந்தோறும் வெளியிட்டால் எங்கே வேலை தேங்குகிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு குறை இதைவிடக் கடுமையானது. வேடசந்தூர்ச் சுற்றுவட்ட நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் இளம்பெண்கள், வெளிமாநிலத்தவர் உட்பட, வீடுவீடாக எடுக்கும் குடும்பநல ஆய்வுக்குள் வருவதில்லை. விடுதி அங்கே வீடாகக் கருதப்படுவதில்லை. சொந்த ஊரில் கேட்டால் வேலைக்குப் போயிருக்கிறாள் என்பார்கள். 2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பஞ்சுத்தூசிக்கு நடுவே ஷிப்டு முறையில் நின்று வேலை செய்பவர்களின் நிலையை இந்தச் சராசரி சொல்லாது.

கிராம சுகாதாரச் செவிலியர் மாதம் ஒருமுறை விடுதிக்கே சென்று எடையும் ஹீமோகுளோபினும் பார்த்து, அங்கேயே இரும்புச்சத்து மாத்திரை தந்து, தேவைப்பட்டவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் ஏற்பாடு வேண்டும். செலவு பெரிதல்ல. தடை வேறிடத்தில் இருக்கிறது. இரத்தம் குறைவு என்று தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சும் பெண் கையை நீட்டமாட்டாள். அவள் அஞ்சுவதில் நியாயமும் உண்டு. எனவே பெயருள்ள பதிவு செவிலியரிடமும் அவளிடமும் மட்டுமே இருக்க வேண்டும். ஆலை நிர்வாகத்துக்கு மொத்த எண்ணிக்கைகூடப் போகக் கூடாது. சில பேரே தங்கும் அறையில் எண்ணிக்கையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.