வரிப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்

அமெரிக்கர்கள் ஆண்டுதோறும் நிரப்பும் 1040 என்ற வருமான வரிப் படிவத்தில், பெயரும் முகவரியும் எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் குறியிட்டால், கட்டுகிற வரியிலிருந்து 3 டாலர் அதிபர் தேர்தல் பிரசார நிதிக்குப் போகும். அதனால் வரி ஒரு சென்ட்கூட ஏறாது. திரும்பி வரவேண்டிய பணமும் குறையாது. 1971-இல் சட்டமான இந்த ஏற்பாடு 1 டாலரில் தொடங்கியது. அதிபர் வேட்பாளர் பொதுநிதியை நம்பிக் களமிறங்கலாமா என்ற கேள்விக்கு, இந்தக் கட்டத்தின் கதையே பதில் வைத்திருக்கிறது. இறங்கலாம், இறங்கவும் வேண்டும். ஆனால், இறங்குகிறவரின் கையைச் சட்டமே கட்டிப்போடக் கூடாது.

வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்திலிருந்து தொடங்குவோம். 1972 ஜூன் 17 அன்று அங்கிருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்து பிடிபட்டவர்களிடம் அடுத்தடுத்த வரிசை எண் கொண்ட நூறு டாலர் நோட்டுகள் இருந்தன. அன்றைய அதிபர் நிக்சனின் மறுதேர்தலுக்கு நன்கொடையாக வந்து, வங்கிக் காசோலையாக மாறிய 25,000 டாலர், பிடிபட்டவர்களில் ஒருவரான பெர்னார்ட் பார்க்கரின் மயாமி வங்கிக் கணக்கில் வரவாகியிருந்தது. திருட்டுத்தனத்துக்குப் பணம் போன வழி இது. இதைவிட என்னை உறுத்துவது பால் விவகாரம். பால் உற்பத்தியாளர் அமைப்புகள் நிக்சன் பிரசாரத்துக்கு 20 லட்சம் டாலர் தருவதாகச் சொல்லியிருந்தன. 1971 மார்ச்சில் அவருடைய அரசு பாலுக்கான ஆதரவு விலையை உயர்த்தியது. தேர்தல் செலவை மக்கள் நேராகக் கொடுக்காவிட்டால் அந்தச் செலவு காணாமல் போய்விடுவதில்லை. பால் விலையில் ஏறி வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது.

அந்த அதிர்ச்சியில் பிறந்தது 1974-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தலில் ஒருவர் தரும் நன்கொடையில் 250 டாலர் வரைக்கும் அரசு அதே அளவு பணம் சேர்த்துக் கொடுக்கும். இதற்குத் தகுதி பெற, 20 மாநிலங்களில், ஒவ்வொன்றிலும் 5,000 டாலராவது சிறு தொகைகளாகத் திரட்டியிருக்க வேண்டும். இறுதிச் சுற்றில் பெரிய கட்சிகளின் வேட்பாளர்களுக்கு முழுச் செலவும் அரசுடையது. வாங்கினால் தனியாரிடம் கையேந்தக் கூடாது, வரம்பு மீறிச் செலவழிக்கவும் கூடாது. 1976-இல் ஃபோர்டும் கார்ட்டரும் தலைக்கு 2.18 கோடி டாலர் பெற்றார்கள். அது முதல் 2004 வரை எட்டுத் தேர்தல்களிலும் இரு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களும் இந்தப் பணத்தை வாங்கினார்கள். அரசுச் செலவை வெட்டுவேன் என்று முழங்கிய ரீகனும் வாங்கினார். இந்த எட்டில் ஆறு முறை பதவியிலிருந்த அதிபர் போட்டியிட்டார். மூன்று முறை தோற்றார். ஃபோர்டு, கார்ட்டர், மூத்த புஷ். தோல்விக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனாலும் நாற்காலியில் இருப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் இறுதிச் சுற்றில் ஒரே தொகை கிடைத்தது சாதாரண விஷயமில்லை.

எனக்குப் பிடிக்காத வேட்பாளருக்கு என் வரிப்பணம் ஏன் போகவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கட்டத்தில் குறியிடாமல் விடும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. பால் விலையில் அப்படி விலகிக்கொள்ள வழி இல்லை. இதைவிடக் கனமான எதிர்வாதம், பொதுநிதி வாங்கிய காலத்திலும் பெரும்பணம் ஓயவில்லை என்பது. உண்மைதான். 1990-களில் வேட்பாளருக்குக் கொடுக்க முடியாத பணம் கட்சிகளின் பெயரில் கொட்டியது. 2002-இல் செனட்டர்கள் மெக்கெய்னும் ஃபைன்கோல்டும் கொண்டுவந்த சட்டம்தான் அந்த வாசலை அடைத்தது. முதற்கட்டத் தேர்தலில் பொதுநிதி வாங்கியவர்களுக்கு இருந்த மாநிலவாரிச் செலவு வரம்பு இன்னும் பரிதாபம். நியூ ஹாம்ப்ஷயர் கணக்கில் செலவு ஏறிவிடக் கூடாதென்று, பிரசாரக்காரர்கள் பக்கத்து மாசசூசெட்ஸில் அறை எடுத்துத் தங்கினார்கள். காரையும் அங்கேயே வாடகைக்கு எடுத்தார்கள். நேர்மையாக இருக்க நினைத்தவரைக்கூடக் கணக்கை ஏமாற்ற வைத்த விதி அது.

நிதியைச் சாய்த்ததும் இந்தச் செலவு வரம்புதான். செலவு வரம்பைக் கட்டாயமாக்க முடியாது, பொதுநிதி வாங்குபவருக்கு மட்டும் நிபந்தனையாக வைக்கலாம் என்று 1976 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே வாங்குபவருக்கு மட்டும் கட்டு. வாங்காதவருக்கு வானமே எல்லை. 2008-இல் 8.41 கோடி டாலர் பொதுநிதியுடன் நின்றவர் மெக்கெய்ன். பொதுநிதியை மறுத்த ஒபாமா செப்டம்பர் மாதத்தில் மட்டும் 15 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். இணையம் வந்துவிட்டது, சிறு நன்கொடையாளர்களே போதும் என்று அன்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் மொத்தமாகவே 200 டாலருக்குள் கொடுத்தவர்களின் பங்கு ஒபாமாவின் வசூலில் பாதியைக்கூட எட்டவில்லை. 2010-இல் நிறுவனங்களின் தனிச் செலவுக்கு இருந்த தடையையும் நீதிமன்றம் நீக்கியது. 2024-இல் ஈலோன் மஸ்க் ஒருவரே 25 கோடி டாலருக்கு மேல் இறக்கினார். இத்தகைய எதிரணியின் முன்னால், இன்றைய வரம்போடு பொதுநிதியை வாங்கச் சொல்வது ஒருவரை நிராயுதபாணியாக அனுப்புவதற்குச் சமம். வரம்பைத் தளர்த்தி, சிறு நன்கொடைக்குப் பல மடங்கு சேர்த்துக் கொடுத்தால் நிலைமை மாறும். நியூயார்க் மாநகரத் தேர்தல்களில் உள்ளூர்வாசியின் சிறு தொகைக்கு எட்டு மடங்கு வரை மாநகரம் தருகிறது. பத்து டாலர் கொடுப்பவரைத் தேடிப் படியேறுவது அங்கே வேட்பாளருக்கு லாபம்.

மெக்கெய்னுக்குப் பிறகு எந்தப் பெரிய கட்சி வேட்பாளரும் இறுதிச் சுற்றில் இந்த நிதியைத் தொடவில்லை. 1980 வாக்கில் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேர் குறியிட்ட கட்டத்தில் இப்போது நாலு பேர்கூடக் குறியிடுவதில்லை. அந்தக் கட்டம் மட்டும் படிவத்தில் அப்படியே இருக்கிறது.