மாமா லாரிக்குப் பன்னிரண்டு வயசு

திருநீர்மலைல என் மாமா ஒருத்தர் லாரி வச்சிருக்கார். லாரி ஓனர்னதும் வெள்ளை வேட்டி, கைல தங்க பிரேஸ்லெட்னு கற்பனை பண்ணிக்காதீங்க. ஒரே ஒரு ஆறு சக்கர லாரி. ஓனரும் அவர்தான், டிரைவரும் அவர்தான், மழை வந்தா தார்ப்பாய் இழுத்துக் கட்டறவரும் அவர்தான். சொந்தத்துல கம்ப்யூட்டர் வேலை பார்க்கறவன் நான் ஒருத்தன்தாங்கறதால பரிவாகன் சைட்ல பணம் கட்டறது, எஃப்.சி.க்கு தேதி வாங்கறது எல்லாம் என் தலையில். (ஆபீஸ்ல பக் பிடிக்கறதே தேவலை.)

2025-ல ஒருநாள் போன் பண்ணினார். "மாப்ள, நேஷனல் பர்மிட்டுக்குக் கட்டணும், பாரு." பார்த்தேன். வண்டி 2013 மாடல். ரெண்டு ஆக்சில் வண்டிக்கு 12 வயசு தாண்டினால் நேஷனல் பர்மிட் கிடையாது, மூணு ஆக்சிலும் அதுக்கு மேலயும்னா 15 வயசு. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 88-வது விதி. இத்தனைக்கும் அந்த மாசம்தான் எஃப்.சி. பாஸ் ஆகியிருந்தது.

மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டார்: "ஏன் மாப்ள, ஓசூர் வரைக்கும் புடிக்கிற பிரேக்கு அத்திப்பள்ளில புடிக்காதா?"

என்கிட்ட பதில் இல்லை. அதனால தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினா அது ரயில்வேல போய் நிக்குது!

இந்தியாவுக்கு மொத்தமா ஒரு மோட்டார் சட்டம் வந்தது 1914-ல். வண்டியைப் பதிவு பண்ணு, ஓட்டறவன் லைசென்ஸ் எடு, கண்டபடி ஓட்டாதே, ஏறக்குறைய அவ்வளவுதான். யார் எத்தனை லாரி வேணா வாங்கலாம், எங்க வேணா சரக்கு ஏத்தலாம். முதல் உலகப் போர் முடிஞ்சதும் லாரி, பஸ் எல்லாம் பெருகிச்சு. அதுவும் பெரும்பாலும் தண்டவாளத்துக்குப் பக்கத்துலயே போற ரோட்ல. ரயில்வேக்கு வயித்துல புளி கரைச்சது. அதுக்கு நடுவுல 1929 உலக மந்தம் வேற.

நம்ம ஏரியாவையே பாருங்க. சென்னை பீச் - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது 1931-ல். அவ்வளவு செலவு பண்ணித் தண்டவாளம் போட்ட கம்பெனிக்காரன், பக்கத்து ரோட்ல ஒருத்தன் ஒத்தை லாரியை வச்சுக்கிட்டு சரக்கைத் தூக்கிட்டுப் போனா சும்மா இருப்பானா? அடுத்த வருஷமே மிட்செல், கிர்க்னஸ்னு ரெண்டு அதிகாரிகளை விட்டு ரயில் - ரோடு போட்டியை ஆராயச் சொன்னாங்க. ஒருத்தர் ரோடு இன்ஜினியர், இன்னொருத்தர் ரயில்வே போர்டு ஆள். 1933-ல சிம்லால மாநாடு. 1936-37-ல வெட்ஜ்வுட் தலைமையில ரயில்வே விசாரணைக் குழு. கடைசியா வந்து சேர்ந்ததுதான் 1939-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம்.

பர்மிட் வந்தது இந்தச் சட்டத்துலதான். வண்டி நல்லா இருந்தா மட்டும் போதாது, அதைத் தொழிலுக்கு ஓட்ட வட்டாரப் போக்குவரத்து ஆணையம் தனியா அனுமதி தரணும். 43-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ரயிலையும் ரோட்டையும் இசைவாக்கணும், ரோடு கெட்டுப்போகக் கூடாது, வண்டிகளுக்குள்ள கட்டுப்படியாகாத போட்டி கூடாதுன்னு மாகாண அரசு நினைச்சா, நீண்ட தூர சரக்கு லாரிகளைத் தடுக்கலாம். இதெல்லாம் வெள்ளைக்காரன் நமக்கு மட்டும் பண்ணின சதின்னு நினைச்சுடாதீங்க. இங்கிலாந்துல 1933-லயும் அமெரிக்கால 1935-லயும் லாரித் தொழிலுக்கு இதே மாதிரி கடிவாளம் போட்டாங்க.

இங்கதான் மாமா கேள்விக்குப் பாதி பதில் இருக்கு. எஃப்.சி. கேக்கறது வண்டியைப் பத்தி. பிரேக் இருக்கா, லைட் எரியுதா. பர்மிட் கேக்கறது தொழிலைப் பத்தி. நீ எங்க ஓடலாம், யார் சரக்கை ஏத்தலாம். பழைய லாரி நெத்தியில 'பப்ளிக் கேரியர்'னு எழுதியிருக்குமே, அதுவும் இந்த 1939 சமாச்சாரம்தான். அடுத்தவன் சரக்கை வாடகைக்கு ஏத்தினா பப்ளிக் கேரியர், சொந்தச் சரக்குன்னா பிரைவேட் கேரியர்.

சுதந்திரம் வந்தும் இந்தப் பிடி விடலை. பக்கத்து மாநிலத்துக்குப் போகணும்னா அந்த மாநிலமும் பர்மிட்ல மேலொப்பம் போடணும். 1959-ல மசானி கமிட்டி உட்கார்ந்து சாலைப் போக்குவரத்துக்கு இருக்கற கட்டைத் தளர்த்தச் சொல்லிச்சு. (அதே வருஷம் ராஜாஜியோட சுதந்திராக் கட்சியில சேர்ந்த மினூ மசானிதான். லைசென்ஸ், பர்மிட்னா அவங்களுக்கு எப்படி எரியும்னு சொல்லவே வேண்டாம்!) எமர்ஜென்சி வருஷமான 1975-லதான் நேஷனல் பர்மிட் வந்தது. 1988-ம் வருஷச் சட்டம், பர்மிட் கேட்டு வந்த மனுவைச் சாதாரணமா மறுக்கக் கூடாதுன்னே 80-வது பிரிவுல எழுதிடுச்சு.

ரயில்வேயைக் காப்பாத்த வந்த காரணம் அதோட போச்சு. ஆனா பர்மிட்ங்கற தாள் போகலை. எங்க ஆபீஸ்ல பழைய கோடு இப்படித்தான் கிடக்கும். எதுக்கு எழுதினாங்கன்னு யாருக்கும் தெரியாது, எடுத்தா என்ன உடையுமோன்னு பயந்து அதுமேலயே இன்னும் நாலு வரி எழுதுவோம். பர்மிட் மேலயும் அப்படித்தான் ஒண்ணொண்ணா ஏறிச்சு. நேஷனல் பர்மிட் வண்டிக்குக் காய்ந்த இலை பிரவுன் கலர் அடிக்கணும், வெள்ளை பார்டர் போடணும்னு 1989 விதிகள்ல இருந்தது. (நம்ம பழைய லாரியெல்லாம் ஏன் ஒரே பிரவுன்னு இப்பப் புரியுதா?) 12 வயசு வரம்பும் அதுலதான். நியாயமாப் பார்த்தா அது எஃப்.சி. கேக்க வேண்டிய கேள்வி. நீண்ட தூரம் ஓடற வண்டி புதுசா இருக்கட்டும்னு நினைச்சிருக்கலாம், அதைத் தப்புன்னு சொல்ல வரலை. ஆனா நல்லாப் பராமரிச்ச வண்டிக்கும் போட்டு உடைச்ச வண்டிக்கும் ஒரே நாள்ல கதவைச் சாத்துது.

மாமாவை ரொம்பப் படுத்தினது ரெண்டு டிரைவர் விதி. நேஷனல் பர்மிட் வண்டில ரெண்டு டிரைவர் இருக்கணும். தூக்கக் கலக்கத்துல ஓட்டக் கூடாதுன்னு நல்ல எண்ணம்தான். நாப்பது லாரி வச்சிருக்கற கம்பெனிக்கு அது ஒரு செலவுக் கணக்கு. ஒத்தை லாரிக்காரருக்கு வாடகைல மிஞ்சறதே இன்னொரு டிரைவர் சம்பளம் அளவுதான். சரி, கூட வர்ற கிளீனர் அண்ணனுக்கே லைசென்ஸ் எடுத்துடலாம்னு பார்த்தா, அவர் படிச்சது அஞ்சாவது. எட்டாவது பாஸ் பண்ணாதவருக்குப் போக்குவரத்து வாகன லைசென்ஸ் கிடையாதுன்னாங்க. ரெண்டு டிரைவர் விதி 2018-லயும் எட்டாவது விதி 2019-லயும் போயிடுச்சு. அதுக்குள்ள அந்த அண்ணன் ஊருக்கே போய்ட்டார்.

இன்னொரு வேடிக்கை. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட்டே வேண்டாம்னு 1988 சட்டத்துல 66-வது பிரிவு சொல்லுது. 2005-ல டாடா ஏஸ் வந்ததும், அதான் நம்ம குட்டி யானை, பல்லாவரம், பம்மல்னு தெருவுக்குத் தெரு நிக்க ஆரம்பிச்சதுக்கு விலை மட்டும் காரணமில்லைன்னு நான் நினைக்கிறேன். மாமாகிட்டயும் சொல்லிப் பார்த்தேன். "யானையை வித்துட்டு குட்டி வாங்கச் சொல்றியா?"ன்னு முறைச்சார்.

இப்ப வண்டி தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் ஓடுது. திருமுடிவாக்கம் எஸ்டேட்ல ஏத்தி கோயமுத்தூர், தூத்துக்குடி. நாசிக் வெங்காய லோடு போச்சு, வருமானத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கும் கூடப் போச்சு. நான் மேல எழுதினதை எல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை அவர்கிட்ட விளக்கமாச் சொன்னேன். முழுசாக் கேட்டார்.

"அப்ப இதுக்கெல்லாம் ரயில்காரன்தான் காரணமா?"

"ஆரம்பிச்சு வச்சது அவங்க மாமா."

"சரி விடு. உங்க அத்தை திருப்பதி போகணுங்கறா. ரயில்ல ரெண்டு டிக்கெட் போடு."