கடையடைப்பிலிருந்து தளமுடக்கத்துக்கு: ஓர் எதிர்ப்பு வடிவத்தின் வரலாறு

அம்பாறை மாவட்டத்தின் கல்முனைக் கரையோரத்தில் ஹர்த்தால் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 1953 ஆகஸ்ட் 12-ல் அரிசி விலை உயர்வை எதிர்த்து நாடு முடங்கியது முதல் இலங்கை அரசியலில் அது வேரூன்றிய வழிமுறை. 2017 இறுதியில் தனி உள்ளூராட்சி சபை கேட்டு இங்குள்ள சாய்ந்தமருது கடைகளை அடைத்தபோது, வியாபாரத்தை இழந்தவர்கள் அந்தக் கடைக்காரர்களே. ஹர்த்தாலுக்கு மதிப்பைத் தருவது இந்த இழப்புத்தான் என்று கருதுகிறேன். இணையத்தளங்களுக்கு அளவுக்கு மீறிய அழைப்புகளை அனுப்பி முடக்கும் ‘சேவை மறுப்பு’த் தாக்குதலையும் அறவழிப் போராட்டம் என்றே அதை நடத்துவோர் வாதிடுகின்றனர். அந்த வாதம் இலங்கைக்கு வந்து சேர்ந்தபோது என்னவாயிற்று என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தொடக்கத்தில் அதற்கு வலு இருந்தது. 1995 டிசம்பர் 21-ல், பிரான்சின் அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்த இத்தாலியின் ஸ்ட்ரானோ நெட்வொர்க் குழு, ஒரு மணி நேரத்துக்குப் பிரெஞ்சு அரசுத் தளங்களைத் திரும்பத் திரும்பத் திறக்குமாறு மக்களை அழைத்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் பின்னால் ஓர் ஆள் இருந்தார். 1998-ல் மெக்சிக்கோவின் சப்பாத்திஸ்தா கிளர்ச்சியாளர்களுக்கு ஆதரவாக எலக்ட்ரோனிக் டிஸ்டர்பன்ஸ் தியேட்டர் குழு ‘ஃபிளட்நெட்’டை உருவாக்கியது. உலாவியைத் திறந்து வைத்தால் போதும், சில விநாடிகளுக்கு ஒருமுறை அது மெக்சிக்கோ அரசின் தளத்தை மீண்டும் அழைக்கும். அதிலிருந்த ஓர் ஏற்பாடு தனியே குறிப்பிடத்தக்கது. ‘மனித உரிமைகள்’ என்ற, இல்லாத பக்கத்தை அது கேட்கும். ‘மனித உரிமைகள் இந்தச் சேர்வரில் இல்லை’ என்று அரசின் கணினியே தன் பிழைப் பதிவில் எழுதிக்கொள்ளும்.

ஏறக்குறைய அதே காலத்தில் ‘இன்டர்நெட் கரும்புலிகள்’ என்ற பெயரில் இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 800 மின்னஞ்சல்கள் இரண்டு வாரங்கள் குவிந்தன. உங்கள் தொடர்பைக் குலைக்கவே இதைச் செய்கிறோம் என்று அவற்றிலேயே எழுதியிருந்தது. ஒரு நாட்டின் கணினிகள்மீது பயங்கரவாதிகள் நடத்தியதாக அறியப்பட்ட முதல் தாக்குதல் இது என்று அமெரிக்க உளவு அதிகாரிகள் 1998-ல் கூறினர். ஒன்றை மறியல் என்றும் மற்றதைப் பயங்கரவாதம் என்றும் பிரித்தது கையாண்ட முறையைப் பார்த்தல்ல, கையாண்டவர் யார் என்பதைப் பார்த்தே.

2010 டிசம்பரில், விக்கிலீக்ஸுக்கான நன்கொடைகளை நிறுத்திய பேபால், விசா, மாஸ்டர்கார்ட் நிறுவனங்களை அநொனிமஸ் என்ற இணையச் செயற்பாட்டாளர் கூட்டம் தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தாலும் பெருஞ்சுமையைத் தாங்கியவை சிலர் கையிலிருந்த பொட்நெட்கள், அதாவது உரியவருக்கே தெரியாமல் கைப்பற்றப்பட்ட கணினிகளின் கூட்டங்கள். ஆள் இல்லாத கூட்டத்தை மக்கள் எழுச்சி என்பது எப்படிப் பொருந்தும்?

இலங்கையில் முடக்கம் அரசிடமிருந்தும் வந்தது. 2022 ஏப்ரல் 3-ல், தன்மீதான எதிர்ப்புப் போராட்டங்களுக்கிடையே ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அம்பாறை மாவட்டத்துக்கு அத்தகைய முடக்கம் புதிதல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமொன்றில் கருத்தடை மாத்திரை கலப்பதாகப் பரவிய வதந்தி வன்முறையாயிற்று. மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் எரிந்தபோது ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் நிறுத்தப்பட்டன. 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பின்னும் அப்படியே. வளைகுடாவில் வேலை செய்வோர் வீட்டாரை வாட்ஸ்அப்பில் விசாரிக்க முடியாமல் தவித்த நாட்கள் அவை.

2022 ஏப்ரல் 20-ல் அரசை எதிர்த்தவர்கள் பக்கமிருந்தும் முடக்கம் வந்தது. அநொனிமஸ் பெயரில் மின்சார சபை, பொலிஸ், குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் ஆகியவற்றின் தளங்கள் தாக்கப்பட்டன. மாணவர்களை உயர்கல்வி நிறுவனங்களோடு இணைக்கும் தனியார் தளமொன்றின் கடவுச்சொற்களும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவான முகவர்களின் விபரங்களும் பகிரங்கமாயின. பொருளாதாரம் சரிந்த அந்த மாதங்களில், மருதமுனை முதல் பொத்துவில் வரை எத்தனையோ குடும்பங்கள் நம்பியிருந்தது கடவுச்சீட்டையும் வெளிநாட்டு வேலையையும்தான்.

இந்த எதிர்ப்பு வடிவத்துக்குச் சட்டம் பாதுகாப்பளித்ததும் உண்டு. ஜெர்மனியில் 2001 ஜூன் 20-ல், நாடுகடத்தலுக்கு விமானம் தருவதை எதிர்த்து லுஃப்தான்சா தளத்தைச் சுமார் 13,000 பேர் இரண்டு மணி நேரம் முற்றுகையிட்டனர். அது வற்புறுத்தல் அல்ல, கருத்தைத் திரட்டும் முயற்சி என்று 2006-ல் பிராங்பர்ட் மேல்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலங்கையின் 2007-ம் ஆண்டு 24-ம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் வற்புறுத்தலுக்கும் கருத்துத் திரட்டலுக்கும் இடையே அத்தகைய வேறுபாட்டை வகுக்கவில்லை. வகுக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் அப்படி வகுத்தாலும் 2022 ஏப்ரல் தாக்குதல் அந்தப் பாதுகாப்புக்குள் வராது. அதை நடத்தியவர்கள் எதையும் இழக்கவில்லை. கடவுச்சொல்லை இழந்த மாணவரிடம் சம்மதமும் கேட்கவில்லை.